அடியில்லாத தீவு

கல் மிதப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒன்றிரண்டு கல் அல்ல. கண் எட்டிய தூரம் வரைக்கும் கடலை மூடிக்கொண்டு, சாம்பல் நிறத்தில், அலை எழும்பும்போது தானும் எழும்பி, அலை படியும்போது தானும் படிந்து, ஏதோ பெரிய மிருகம் நித்திரையில் மூச்சு விடுவதுபோலக் கிடந்தது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கப்பலின் முகப்பில் குந்தியிருந்து துரு சுரண்டிக்கொண்டிருந்தேன். அதுவரை கேட்ட தண்ணீர்ச் சத்தம் நின்றுபோய், கப்பலின் வயிற்றை யாரோ மணல்தாளால் தேய்ப்பதுபோல ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. எட்டிப் பார்த்தால் கடலைக் காணவில்லை. நிலத்தின் மேல் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் கண்ணை நானே நம்பவில்லை.

பிள்ளைகளே, நீங்கள் இதைத் தமிழில் வாசிக்க நேரம் எடுப்பீர்கள் என்று தெரியும். விளங்காத சொல்லை அம்மாவிடம் கேளுங்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எனக்கு இந்த மொழியில்தான் ஒழுங்காக எழுத வரும். உங்களுக்குப் போசன் மாமாவைத் தெரியும். இங்கே மொன்றியல் நகரத்தில், லாசாலில் நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர், நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரத் தட்டோடு வருபவர், அதிகம் கதைக்காதவர். அவருடைய பெயர் போசன் என்றுதான் நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். அது பெயர் இல்லை, பதவி. கப்பலில் கயிறு, சங்கிலி, நங்கூரம் எல்லாவற்றுக்கும் பொறுப்பானவரைப் போசன் என்பார்கள். அவருக்குக் கீழே வேலை செய்த மாலுமிகளில் நான் ஒருவன். அப்போது அவர் நீங்கள் அறிந்த மாமா இல்லை. மன்னார்க்காரர், பெரிய வாய்க்காரர். அவர் சிரித்தால் இயந்திர அறைக்குக் கேட்கும்.

அன்றைக்கும் முதலில் சிரித்தார். வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி அந்தக் கல்லை அள்ளி எடுத்தார். பாண் ரொட்டித் துண்டுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது. கையில் பாரமே இல்லை. விரலால் நசுக்கினால் தூளாகியது.

"டேய் தம்பி, கடல் முழுக்கக் கால் தேய்க்கிற கல்லடா! அள்ளி வை. நாளைக்குக் கலியாணம் கட்டேக்கை பொம்பிளைக்குக் குடுக்கலாம்."

"உங்கடை குதிக்காலுக்கே இவ்வளவும் காணாது, அண்ணை."

அவர் என் தலையில் தட்டினார். நாங்கள் சிரித்தோம். அந்தக் கல்தான் எங்களைக் கொல்லப் பார்க்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அது நுரைக்கல். பின்னாளில் நம் தெருமுனை நூலகத்தில் சிறுபிள்ளைகளுக்கான பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை மகள் எனக்கு வாசித்து விளங்கப்படுத்தினாள். பூமிக்குள்ளே பாறை உருகிக் குழம்பாகக் கிடக்கிறது. அதற்குள் வாயு அடைபட்டிருக்கிறது. சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்தால் நுரை பொங்குமே, அதுபோல அந்தக் குழம்பு மேலே வந்ததும் நுரைத்துப் பொங்குகிறது. பொங்கின நுரை அப்படியே இறுகினால் அது நுரைக்கல். உள்ளே முழுக்கக் காற்று, அதனால் மிதக்கிறது. கடலுக்கு அடியில் எரிமலை வெடித்தால் இந்தக் கல் மேலே வந்து, ஒரு பாய் விரித்ததுபோலப் பல நாட்கள் மிதந்து திரியுமாம். புத்தகத்தில் அழகான படம் போட்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தைக் கெதியாகப் புரட்டிவிட்டேன்.

கல் வந்த இடத்தைக் கொஞ்ச நேரத்தில் கண்டோம். தென் பசிபிக் சமுத்திரத்தில், எந்தப் பெரிய நிலத்துக்கும் கிட்ட இல்லாத ஒரு சின்னத் தீவு. மனிதர் இல்லை, மரம் இல்லை. கடலுக்குள்ளிருந்து நேராக எழும்பின ஒரு கறுப்புக் கூம்பு. அலை அடித்து அடித்து அதன் ஓரத்தை மதிலைப்போல வெட்டி வைத்திருந்தது. வெட்டின இடத்தில் உள்ளே இருந்த அடுக்குகள் தெரிந்தன. கறுப்பு, அதற்கு மேல் செங்கல் நிறம், பிறகும் கறுப்பு. ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு காலத்தில் பொங்கி வழிந்து ஆறினது. உச்சிக்குக் கீழே பாறை வெடிப்புகளில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது, கந்தகம். கூழ்முட்டை மணம் காற்றில் வந்தது. தீவின் ஒரு பக்கத்தில், கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, கடலே கொதித்து வெள்ளைப் புகை எழும்பியது. கப்பல் ஒதுங்க ஒரு குடா இல்லை, காலை வைக்க ஒரு மணல் துண்டு இல்லை. ஒரு கடற்பறவைகூட இல்லை. அதைத்தான் போசன் அண்ணை முதலில் கவனித்தார். சிரிப்பு நின்றது.

பிறகு என்ஜின் நின்றது.

கப்பல் என்ஜின் சூடேறாமல் இருக்கக் கடல் தண்ணீரை உள்ளே இழுத்துச் சுற்றவிடுவார்கள். தண்ணீர் வரும் வழியில் பெரிய சல்லடை இருக்கும். அந்தச் சல்லடையை நுரைக்கல் அடைத்துவிட்டது. எங்கள் செக்கன்ட் இன்ஜினியர், நாங்கள் செக்கன்ட் என்று கூப்பிடுபவர், தூத்துக்குடிக்காரர். முழங்கை வரைக்கும் சாம்பல் சேறு பூசிக்கொண்டு மேல்தட்டுக்கு ஓடி வந்து கத்தினார்.

"அள்ளி முடிக்கிறதுக்குள்ள திரும்ப அடைக்குதுய்யா! கல்ல குடிச்சா என்ஜின் எப்படி ஓடும்? ஆளு குடுங்க, பக்கெட் குடுங்க!"

விளக்குகளும் அணைந்தன. மின்சாரம் தரும் இயந்திரத்துக்கும் அதே தண்ணீர்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தவரை அதன் சத்தத்தை நாங்கள் கவனித்ததே இல்லை. அது இல்லாமல் போனபோது கல் உரசும் சத்தமும், தூரத்தில் தீவு உறுமும் சத்தமும்தான் மிஞ்சின. காற்றும் நீரோட்டமும் எங்களை அந்தக் கறுப்பு மதிலை நோக்கித் தள்ளிக்கொண்டு போயின. மெதுவாகத்தான். மெதுவாகப் போனதுதான் பயங்கரம். ஓடவும் ஏலாது, நிற்கவும் ஏலாது, பார்த்துக்கொண்டு நிற்க மட்டும்தான் முடிந்தது.

கப்டன் வேறு தேசத்தவர். மேலே கப்பல் ஓட்டும் அறையிலிருந்து வோக்கிடோக்கியில் சொன்னார், நங்கூரத்தைத் தயாராக வை, நான் சொல்லாமல் இறக்காதே என்று. அதற்குப் பிறகு அந்தக் கருவி கரகரத்ததே தவிர வேறு ஒரு சொல்லும் வரவில்லை. போசன் அண்ணை நங்கூரச் சங்கிலியை நிறுத்தும் பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தீவைப் பார்த்தார்.

"இவ்வளவு கிட்டக் கரை தெரியுது. அடி இல்லாமல் எங்கை போறது? விடுவமா?"

"விடுங்கோ அண்ணை," என்றேன்.

இதை எங்கள் ஊர்க்காரர் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அவர் வளர்ந்த மன்னார்க் கடலும், நான் பிறந்த யாழ்ப்பாணத்துத் தீவைச் சுற்றிய கடலும் ஆழம் இல்லாதவை. நம் தீவுகள் தட்டையான சுண்ணாம்புக்கல். கரையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் எவ்வளவோ தூரம் நடக்கலாம். தடி ஊன்றி வள்ளம் தள்ளலாம். கண்ணுக்குக் கரை தெரிந்தால் காலுக்கு அடி இருக்கும். அதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, உடம்புக்கே தெரியும். எத்தனையோ சமுத்திரங்களைக் கடந்த பிறகும் எங்கள் உடம்பு அந்தக் கடலிலேயே நின்றது.

அவர் பிரேக்கைத் தளர்த்தினார். நங்கூரம் விழுந்தது. சங்கிலி ஓடத் தொடங்கியது. அந்தச் சங்கிலியின் ஒரு வளையம் ஒரு ஆட்டுக்குட்டி கனம். ஓடியது, ஓடியது, நிற்கவில்லை. நங்கூரம் அடியில் தொட்டால் சங்கிலியின் வேகம் தளரும். அது தளரவில்லை. துருத்தூள் செம்புகையாக எழும்பி எங்கள் வாயையும் கண்ணையும் அடைத்தது. அளவு காட்டப் பூசிய வெள்ளை வளையங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடிப் போயின. பிரேக்கை இறுக்கினார். அது பொறி பறக்க எரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன். சங்கிலி முடியப்போகிறது என்று காட்டும் சிவப்பு வளையங்கள் வெளியே வந்தபோது அவர் தன் முழு உடம்பையும் அந்தச் சக்கரத்தில் போட்டுத் தொங்கினார். சங்கிலி நின்றது.

எட்டிப் பார்த்தோம். அது நேர்கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய முழுச் சங்கிலியும் போயும் நங்கூரம் எதையும் தொடவில்லை.

"கரை கிடக்கு, அடியைக் காணேல்லையடா," என்றார். அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை.

பிள்ளைகளே, நாங்கள் தீவு என்று பார்த்தது ஒரு மலையின் உச்சந்தலை. அந்த மலை சமுத்திரத்தின் அடியில் தொடங்குகிறது. குழம்பு வழிந்து, ஆறி, அதன் மேல் இன்னும் வழிந்து, மனிதர் கணக்குப் பார்க்க முடியாத காலமாக உயர்ந்து, கடைசியில் தலையை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டியிருக்கிறது. அதன் பக்கங்கள் கூரையைப்போலச் சரிந்து இருட்டுக்குள் போகின்றன. அந்தச் சரிவின் மேலே, வெறும் தண்ணீரில், நங்கூரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நாங்கள் அதற்குக் கிட்டக் கிட்டப் போய்க்கொண்டிருந்தோம்.

பிறகு கப்பல் ஒரு தடவை உலுக்கியது. கிட்டப் போகப் போகச் சரிவும் மேலே வந்துகொண்டிருந்தது. தொங்கின நங்கூரம் எங்கோ ஆழத்தில் ஒரு பாறையில் மாட்டிக்கொண்டது. கப்பலின் முகப்பு கடல் பக்கம் திரும்பியது, பின்பக்கம் தீவுக்கு நேரே நின்றது. நான் பின்பக்கம் ஓடிப் போய்ப் பார்த்தேன். அலை மதிலில் மோதி எழும்பின தூவானம் என் முகத்தில் பட்டது. அந்தத் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது.

அன்றைய பகல் எவ்வளவு நீளம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மேலே இருந்து மெல்லிய சாம்பல் கொட்டியது. சோற்றிலும் இருந்தது, பல்லுக்கிடையிலும் இருந்தது. மாறி மாறி இயந்திர அறைக்குப் போய் வாளி வாளியாகக் கல் அள்ளினோம். மேலே வந்தால் சங்கிலியைத்தான் கேட்போம். கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். பிறகு ஆழத்திலிருந்து கறகறவென்று ஒரு சத்தம் சங்கிலி வழியாக ஏறி வந்து காலுக்கடியில் இரும்பில் நடுங்கும். நங்கூரம் வழுகுகிறது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அது நிற்கும். பிறகு அள்ளுவோம். யாரும் ஒருவரையொருவர் ஏசவில்லை. ஏசுவதற்குக்கூட ஒரு தைரியம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

பொழுது சாயத் தொடங்கும்போது செக்கன்ட் ஒரு வழி கண்டார். கப்பல் ஆடாமல் இருப்பதற்காகப் பின்பக்கத் தொட்டியில் முன்பே நிரப்பி வைத்த நல்ல கடல் தண்ணீர் இருந்தது.

"வெளிக்கடல நம்பிப் பிரயோஜனம் இல்ல. நம்ம வயித்துல கெடக்கிற தண்ணிய வச்சே ஓட்டிருவோம். ஆனா அது சீக்கிரம் சூடாயிரும். கொஞ்ச நேரந்தான் தாங்கும். அதுக்குள்ள கெளம்பிரணும், சொல்லிட்டேன்."

என்ஜின் உயிர் பிடித்தது. ஆனால் நங்கூரம் வரவில்லை. இழுக்கும் இயந்திரம் முனகியது, சங்கிலி ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. சங்கிலியை விட்டுவிட்டுப் போகும்படி கப்டன் சொன்னார். அதற்கு ஒரு வழிதான். முகப்புக்கு அடியில், சங்கிலி சுருண்டு கிடக்கும் இருட்டுக் கிடங்குக்குள் இறங்கி, அதன் கடைசி வளையத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் ஆணியைச் சம்மட்டியால் அடித்துக் கழற்ற வேண்டும். மேலே பிரேக் பாதி எரிந்துபோயிருந்தது. இறங்குபவர் உள்ளே இருக்கும்போது அது விட்டுக்கொடுத்தால், மிச்சச் சங்கிலி அந்தச் சின்னக் கிடங்குக்குள் சுழன்று பறக்கும்.

கப்பலில் ஒரு முறை உண்டு. ஒருவர் அடைந்த இடத்துக்குள் இறங்கினால் இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும், இடைவிடாமல் குரல் கொடுக்க வேண்டும். வேறு நாட்களில் அதை நாங்கள் விளையாட்டாகச் செய்வோம். போசன் அண்ணை சம்மட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். பயத்தை மறைக்கவில்லை.

"தம்பி, எனக்குப் பயமாக் கிடக்கு. நீ இதிலை நிண்டு கதை. என்னவெண்டாலும் கதை. நிப்பாட்டிப் போடாதை."

இறங்கினார். என்ன கதைப்பது? அம்மாவைப் பற்றிச் சொன்னால் அழுதுவிடுவேன். தேவாரம் வாயில் வரவில்லை. கடைசியில் எங்கிருந்து வந்ததோ, வானொலிக்காரர்போல உதைபந்தாட்ட வர்ணனை சொல்லத் தொடங்கினேன்.

"நேயர்களே, மைதானம் நிரம்பி வழிகிறது. மன்னார் அணிக்கும் எங்கள் தீவு அணிக்கும் இறுதி ஆட்டம். இதோ எங்கள் தீவு அணி பந்தை எடுத்துச் செல்கிறது. மன்னார் வீரர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்..."

கீழே சம்மட்டி அடி ஒன்று விழுந்தது. "பொய்! அவங்கள் நிண்டு பாக்கிற ஆக்களில்லை!"

"பந்து கோலுக்குக் கிட்ட வந்துவிட்டது. கோல் காக்கும் மன்னார் கோலி குனிகிறார். ஐயோ, நேயர்களே, காலுக்குள்ளால் விட்டுவிட்டார்!"

"டேய், எங்கடை கோலி செத்தாலும் காலுக்குள்ளாலை விடமாட்டான்! தீவாருக்குப் பந்து எது, பனங்காய் எது எண்டு தெரியுமோ?" இன்னொரு அடி. இன்னொன்று.

பிறகு அடியும் இல்லை, குரலும் இல்லை. என் தலைக்குப் பக்கத்தில் பிரேக் கிறீச்சிட்டது. சங்கிலி ஒரு வளையம் நகர்ந்தது. டங் என்ற அந்த ஒரு சத்தம். நான் கதைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும் என்று பட்டது. இன்னொரு கோல் அடித்தேன். அதன் மேல் இன்னொன்று. கண்ணீரும் சாம்பலும் வாய்க்குள் போக, மன்னார் அணியை நான் நாசமாக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஏணியில் ஒரு கை தெரிந்தது.

"போதுமடா. இன்னும் எத்தினை கோல் அடிக்கப்போறாய்?"

அவரே பிரேக்கைத் திறந்தார். மிச்சச் சங்கிலி இடிபோல ஓடியது. அதன் கடைசி நுனி பாம்பு வால்போலச் சுழன்று கப்பல் ஓரக் கம்பியை வளைத்துவிட்டுக் கடலில் விழுந்தது. கப்பல் நகர்ந்தது. தீவு சிறுத்துக்கொண்டே போனது. கல் இல்லாத நீலக் கடல் வந்ததும் செக்கன்ட் மேலே வந்து, குந்தியிருந்த போசன் அண்ணையின் தோளில் கை வைத்தார்.

"நங்கூரத்த தப்பா போட்டீங்க அண்ணாச்சி. ஆனா போட்டதால பொழைச்சோம்."

போசன் அண்ணை சிரிக்கவில்லை. "நான் பயந்திட்டன்," என்றார், கேட்டவர்க்கெல்லாம் அதையே சொன்னார். அந்தப் பெரிய சிரிப்பை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு இரண்டு பேரும் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தோம். அவர் டவுன்டவுனில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை செய்தார், நான் லாசாலில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில். இதுவும் ஒரு தீவு என்று அவரிடம் சொன்னபோது ஆற்றையும் பாலங்களையும் பார்த்துவிட்டு, "நடுவிலை மலை ஒண்டும் வைச்சிருக்கிறாங்கள்," என்றார். அந்த மலைக்கு அவர் ஒருநாளும் ஏறியதில்லை. மகளே, நம் மலையை எரிமலை என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதாக நீ பயந்து வந்தாயல்லவா? உன் புத்தகத்தில் பார்த்தோம். கீழே இருந்து எழும்பின குழம்பு நிலத்துக்குள்ளேயே உறைந்து கல்லாகிவிட்டதாம். மேலே மூடியிருந்தவை தேய்ந்துபோக, உறைந்த கல் மலையாக மிஞ்சியதாம். இனி அது எழும்பாது என்று போட்டிருக்கிறார்கள். நான் நம்புகிறேன். ஆனாலும் அந்த மலைப் பாதையில் நடக்கும்போது காலை மெதுவாகத்தான் வைக்கிறேன், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுத்தன. நான் உட்கார்ந்திருந்த கதிரை என்னோடு சேர்ந்து நகர்ந்தது. சின்ன நில அதிர்வு, இந்த ஊரில் இடைக்கிடை வருவதுதான் என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். உன் தம்பி அழுதுகொண்டு ஓடி வந்து என் காலைக் கட்டிப்பிடித்தான். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். காலுக்கடியில் வந்த அந்த நடுக்கம் எனக்குத் தெரிந்த நடுக்கம்.

அப்போது டெலிபோன் அடித்தது. நீதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாய்.

"தம்பி," என்றார் போசன் மாமா. மூச்சு வாங்கியது. "கதையடா."

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நீ என்னைப் பார்த்தாய், டெலிபோனைப் பார்த்தாய்.

"பொன்ஜூர் மாமா. அப்பாக்கு இப்ப கதைக்க ஏலாது. நான் கதைக்கட்டா?"

"ஓம் பிள்ளை. என்னவெண்டாலும் கதை."

நீ கொஞ்சம் யோசித்தாய். பிறகு முதல்நாள் பார்த்த ஹொக்கி ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினாய். உன் தமிழுக்கு நடுவே பிரெஞ்சு வந்தது, பிரெஞ்சுக்கு நடுவே இங்கிலீஷ் வந்தது. எங்கட ஆக்கள் நல்லா விளையாடேல்லை மாமா, கோலி ஐஸிலை வழுக்கி விழுந்திட்டார், மற்ற ஆக்கள் சும்மா வந்து கோல் போட்டிட்டுப் போயிட்டினம் என்றாய். தம்பி அழுகையை நிறுத்திவிட்டு, இல்லை, அவர் வழுக்கேல்லை, தள்ளி விட்டவை என்று உன்னோடு சண்டைக்கு வந்தான். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நீ நிறுத்தினாய்.

"மாமா? இருக்கிறீங்களா?"

"இருக்கிறன் பிள்ளை," என்றார். "நீ கதை."